மிதிவண்டிக்கு ஒரு பொதுப் பட்டறை

பிளஸ் 1 மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அருகில் பழுதுபார்க்கும் கடை இல்லாவிட்டால், ஒரு கழன்ற நட்டே அதை வீட்டுத் திண்ணையில் சாத்திவிடும். மேலைநாட்டு நூலக வாசல்களில் காணும் பொதுப் பழுதுபார்ப்பு நிலையம் பள்ளி வாசல்களுக்கு உகந்தது. கான்கிரீட் தளத்தில் போல்ட்டால் இறுக்கிய எஃகுத் தூண், வண்டியைத் தொங்கவிட இரு கைகள், கம்பிவடத்தில் பிணைத்த ஸ்பேனர், திருப்புளி, டயர் லீவர், ஒரு பம்பு, அவ்வளவே.

திருட்டைத் தடுப்பது எளிது: சாதாரணக் கருவியால் கழற்ற இயலாத திருகுகள், தெருவிளக்கு, ஆள் நடமாட்டம். பராமரிப்புதான் கடினம். வெளிநாட்டுப் பம்பின் வாய் நம் மிதிவண்டி வால்வுக்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் அதன் ரப்பர் குழாய் வெயிலில் வெடித்துவிடும். திறப்புவிழாவுக்கு நிதி ஒதுக்குவோர் இந்தக் குழாய்க்கு ஒதுக்குவதில்லை. ஒப்பந்தத்திலேயே மூன்றாண்டுப் பராமரிப்பைச் சேர்த்து, அப்பணியை உள்ளூர் மிதிவண்டிக் கடைக்காரரிடம் மாத ஊதியத்துக்கு ஒப்படைக்கலாம். இலவசக் காற்று தம் பிழைப்பைக் கெடுக்குமோ என்ற அவரது அச்சமும் நீங்கும்.