73 டாலர் யாருக்குப் போனது?

2008 நவம்பரில் டெட்ராய்ட்டின் கார்க் கம்பெனிகளான ஜி.எம்., ஃபோர்டு, கிறைஸ்லர் மூன்றின் தலைவர்களும் வாஷிங்டனில் அரசிடம் கடன் கேட்டு நின்றபோது, ஓர் எண் அமெரிக்கா முழுக்கப் பரவியது. டெட்ராய்ட் கார்த் தொழிலாளிக்கு மணிக்கு 73 டாலராம்! இப்படி வாரிக் கொடுத்தால் கம்பெனி மூழ்காமல் என்ன செய்யும் என்று ஊரே பேசியது.

அந்தத் தொழிலாளியின் அடிப்படைக் கூலி அப்போது மணிக்குச் சுமார் 28 டாலர்தான். ஓவர்டைம், விடுமுறைச் சம்பளம் எல்லாம் சேர்த்தாலும் 40 டாலரை ஒட்டித்தான் வரும். மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு இன்னொரு 15 டாலர். மிச்சம் முழுக்க, என்றோ ஓய்வுபெற்றுப் போனவர்களின் பென்ஷனும் மருத்துவச் செலவும். தாத்தாவின் ஆஸ்பத்திரி பில்லைப் பேரனின் சம்பளக் கணக்கில் எழுதியதுபோலத்தான் இது.

கணக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. பழைய ஊழியர்களுக்கான மொத்தச் செலவை, அப்போது வேலை பார்த்தவர்களின் மணி நேரத்தால் வகுத்தார்கள். ஆட்களைக் குறைக்கக் குறைக்க, ஒருவருக்குக்கூடக் கூலி உயராமலே ‘மணிக்கூலி’ ஏறும். 1962-ல் ஜி.எம்.மில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,64,000 ஊழியர்கள். ஓய்வூதியப் பலன் பெற்றவர்கள் சுமார் 40,000 பேர். 2005-ல் ஊழியர்கள் சுமார் 1,41,000. பலன் பெற்றவர்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல்.

இந்தச் சுமை கம்பெனியின் தலையில் ஏறியது எப்படி? 1914-ல் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர் கொடுத்தார். கன்வேயர் வேலையின் அலுப்பு தாங்காமல் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களைத் தக்கவைக்க வேறு வழியில்லை. ஆனால் அந்த 5 டாலர் வெறும் கூலி விவகாரம். ஜி.எம்.மின் இந்தச் சுமைக் கதை 1950-ல் அந்தக் கம்பெனியும் கார்த் தொழிலாளர்களின் யூ.ஏ.டபிள்யூ. சங்கமும் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறது. விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் இருந்தன. சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் உண்மையில் விரும்பியது அரசே நாட்டு மக்கள் எல்லோருக்கும் தரும் மருத்துவக் காப்பீடு. அதிபர் ட்ரூமன் கொண்டுவந்த திட்டம் நாடாளுமன்றத்தில் தேறவில்லை. அரசு கைவிட்டதைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குவதைத் தவிர ராய்தருக்கு வேறு வழி இருக்கவில்லை. கார் விற்றுப் பணம் குவிந்த அந்த நாளில் கம்பெனிக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் பின்னால் வந்த இளைஞர்கள். 2007 ஒப்பந்தத்தில் ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவு தனி அறக்கட்டளைக்கு மாறியது. புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏறக்குறைய பாதிக் கூலி என்றும் ஆனது. ஒரே லைனில், ஒரே ஷிப்டில், அடுத்தடுத்து நின்று ஒரே காருக்குக் கதவு மாட்டும் இருவரில் ஒருவருக்கு 28 டாலர், மற்றவருக்கு 14. 2009-ல் ஜி.எம்., கிறைஸ்லர் திவாலானபோது பஞ்சப்படியும் போயிற்று. கம்பெனிகள் லாபத்துக்குத் திரும்பிய பிறகும் இந்தப் பாகுபாடு தொடர்ந்ததை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

2023 செப்டம்பரில் மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் யூ.ஏ.டபிள்யூ. சங்கத்தின் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு வாரப் போராட்டத்தில் பஞ்சப்படி திரும்பியது. நாலரை ஆண்டுகளில் 25 சதவீத உயர்வு கிடைத்தது. உச்சக் கூலியை எட்ட எட்டு ஆண்டுகள் என்றிருந்தது மூன்றாகக் குறைந்தது. சங்கமே இல்லாத டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் ஆலைகளிலும் சில வாரங்களில் சம்பளம் ஏறியது. ஆனால் 2007-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஒப்பந்தங்கள் 2028 ஏப்ரல் 30-ல் முடிகின்றன.