டாட்டூ போட்ட இடத்தில் கட்டியா? புற்றுநோய் போலவே தெரியும் ‘போலி லிம்ஃபோமா’

அட்டப்பாடி, மறையூர், மூணாறு பகுதிகளில் பாட்டி கையில் பச்சை; பேரன் கையில் கலர் டாட்டூ. இரண்டும் ஒண்ணுதானே என்று தோன்றும். ஆனால் பழைய பச்சை பெரும்பாலும் கரிதான். இன்றைய கலர் மைகளில் பலவகை ரசாயன நிறமிகள் இருக்கின்றன. அவற்றில் தோலுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதது சிவப்பு.

கட்டி ஏன் வருகிறது?

தோலின் உள் அடுக்கில் தங்கும் நிறமியை நோய் எதிர்ப்பு செல்கள் விழுங்கும்; செரிக்க முடியாது. சிலருக்கு அந்த இடத்தில் லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்கள் குவிந்து, தோல் தடித்துக் கட்டியாகும். டாட்டூ குத்திப் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் இது வரலாம். பெரும்பாலும் ஒரே நிறம் உள்ள பகுதி மட்டும் மேடாகி அரிக்கும்.

புற்றுநோய் என்று ஏன் சந்தேகம் வருகிறது?

லிம்ஃபோமா என்பது இதே வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய். அதனால் நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். லிம்ஃபோமாவில் பொதுவாக ஒரே செல்லின் நகல்கள் பெருகியிருக்கும். போலி லிம்ஃபோமாவில் பலவகை செல்கள் கலந்திருக்கும், நடுவே நிறமித் துகள்களும் தெரியும். பயாப்ஸி எடுத்து, செல் வகையையும் தேவைப்பட்டால் மரபணுவையும் சோதித்துதான் பிரித்தறிவார்கள்.

அப்போ டாட்டூவால் புற்றுநோய் வராதா?

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 11,905 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. டாட்டூ உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா ஆபத்து 21% அதிகம் என்றது. ஆனால் டாட்டூ பெரிதாக இருந்தால் ஆபத்தும் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது. டாட்டூதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

சில வாரங்களாகியும் தடிப்பு அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு கோவை, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் எட்டும் தூரம்தான். சீழ், காய்ச்சல் இருந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம்; காத்திருக்க வேண்டாம்.

‘லேசர்ல அழிச்சிடலாம்’ என்று அவசரப்படாதீர்கள். ஒவ்வாமை உள்ள இடத்தில் லேசர் நிறமியைச் சிதறடித்து நிலைமையை மோசமாக்கலாம். ஸ்டீராய்டு களிம்பு, ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை எனப் பல வழிகள் உள்ளன. குணமான பிறகும் மருத்துவர் சொல்லும் காலம்வரை பரிசோதனைக்குப் போக வேண்டும். அரிதாக, போலி என்று கருதப்பட்டது பின்னாளில் லிம்ஃபோமாவானதும் உண்டு.

நிறமி நிணநீர்க் கணுக்களுக்கும் போய்ச் சேரும். அதனால் அக்குளில் நெறி கட்டிப் பரிசோதனைக்குப் போனாலும், ‘டாட்டூ போட்டிருக்கேன்’ என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.