வரைகலைத் திரை தோன்றாமை (லினக்சு)

வரைகலைத் திரை தோன்றாமை என்பது லினக்சு முதலிய யுனிக்சு வகை இயங்குதளங்களை நிறுவிய பின், சாளரங்கள் கொண்ட பணிச்சூழலுக்கு மாறாகக் கறுப்புத் திரையோ எழுத்து முனையமோ மட்டும் தெரியும் நிலை ஆகும். இந்நிலையில் இயங்குதளம் பெரும்பாலும் பழுதின்றி இயங்கிக்கொண்டே இருக்கும். மீண்டும் நிறுவுவது பலரும் முதலில் செய்வது; ஆனால் அது அரிதாகவே தேவைப்படும்.

அடுக்குகள்

கருனிக்கு மேல், திரையில் வரைவதற்கான வழங்கி தனி நிரலாக இயங்குகிறது. 1984 இல் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்சு சாளர முறைமை இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. 2008 இல் தொடங்கப்பட்ட வேலாண்டு இப்போது பல வழங்கல்களில் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. வழங்கிக்கு மேல் புகுபதிகைத் திரையும், அதற்கு மேல் குனோம், கேடிஈ போன்ற பணிச்சூழல்களும் அமைகின்றன.

பழுதறிதல்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தும்போது பயனர் பெயர் கேட்கப்பட்டால், கருனி இயங்குகிறது என அறியலாம். அங்கு புகுபதிந்து, எக்சு வழங்கியின் பதிவுக் கோப்பைப் படிக்க வேண்டும். அதில் அடைப்புக்குள் இரண்டு ஆங்கில 'ஈ' எழுத்துகளுடன் தொடங்கும் வரிகளே பிழைகள். திரை எதுவும் கிடைக்கவில்லை என்னும் பிழை பெரும்பாலும் வரைகலை அட்டையின் இயக்கி பொருந்தாததால் எழுவது. தொடக்கப் பட்டியலில் கருனிக்கு 'நோமோட்செட்' என்னும் அளவுருவைத் தந்தால் எளிய திரையேனும் தோன்றக்கூடும்; பின்னர் உரிய இயக்கியை நிறுவலாம்.

கடவுச்சொல்லை ஏற்றும் புகுபதிகைத் திரையே மீண்டும் வந்தால் இயக்கியை மட்டுமே ஐயுற வேண்டியதில்லை. வட்டு நிறைந்திருக்கலாம், அல்லது பயனரின் இல்ல அடைவிலுள்ள 'எக்சுஅத்தாரிட்டி' கோப்பு நிர்வாகிக் கணக்கின் உடைமையாக மாறியிருக்கலாம். பின்னதாயின் அக்கோப்பை நீக்கிவிட்டால் புதியது தானே உருவாகும்.

தமிழ்ப் பயனர்களும் எழுத்து முனையமும்

லினக்சின் எழுத்து முனையம் ஒரே நேரத்தில் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் ஏற்பதில்லை. உயிர்க்குறிகளை இடம் மாற்றி இணைக்கவும் அதற்கு இயலாது. ஆகவே தமிழில் நிறுவியவருக்கு, உதவி மிகவும் தேவைப்படும் அவ்வேளையில், பிழைச்செய்திகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. டெபியன் நிறுவியில் தமிழைத் தெரிவு செய்ய இயன்றதும் 2007 இல் வெளியான 4.0 பதிப்பின் வரைகலை நிறுவி வந்த பின்னரே.

2011 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாசு லினக்சும் இடம்பெற்றது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் உருது வழிப் பள்ளிகளும் உள்ளன. வலமிருந்து இடமாக இணைத்தெழுதப்படும் உருதுவுக்கும் முனையத்தில் இதே தடை உண்டு.

இதற்குத் தீர்வு, 'லாங்' என்னும் சூழல் மாறிக்கு 'சி' என்னும் மதிப்பைத் தற்காலிகமாக அளிப்பது. செய்திகள் ஆங்கிலத்தில் வரும். வரைகலைத் திரை மீண்ட பின்னும் தமிழ் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். லோகித் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவை நிறுவ வேண்டும். எழுத்துகள் தெரிந்தும் கொம்பு மெய்க்குப் பின்னால் நின்றால் குறை எழுத்துருவிலோ, அதனைக் கோக்கும் நிரலிலோ இருக்கும்.