வாசல் விளக்குகள்

கார்த்திகை வந்துவிட்டால் வீட்டின் முகமே மாறிவிடுகிறது. திண்ணையிலும், மாடத்திலும், மதிற்சுவரின் மேலும் அகல்கள் வரிசையாக ஏறி அமர்ந்துகொள்கின்றன. வீதியில் விளக்கேற்றி மாலைகள் தொங்கவிட்ட கார்த்திகை இரவைப் பற்றி அகநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். ஆகவே இந்த ஆசை நமக்கு நேற்று வந்ததன்று. அடுத்து மார்கழி பிறந்ததும் நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கங்களில் கிறிஸ்தவர் இல்லங்களின் முகப்பிலெல்லாம் காகித நட்சத்திரங்கள் ஒளிவீசக் காண்கிறோம்.

இவ்வளவு அழகுக்கும் ஓர் இடையூறு உண்டு. இப்பண்டிகைகள் வருவது வடகிழக்குப் பருவமழையின் காலத்தில். சுவர் ஈரம், தரை ஈரம், மொட்டைமாடி ஈரம். அகல் விளக்குக்கு மழையினால் நேரும் நஷ்டம் அணைந்துபோவதுதான். மின்சார விளக்கோ அணையாமலே அபாயத்தை விளைவிக்கும்.

வண்ண விளக்குச் சரத்தை முதன்முதலாக ஒரு வீட்டில் ஏற்றியவர் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்ஸன் என்பர். 1882-ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கில் தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 விளக்குகளைச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக எரியவிட்டார். அவர் அலங்கரித்தது உலர்ந்த கூடத்திற்குள். நாம் அலங்கரிப்பதோ சாரல் அடிக்கும் பால்கனியில். வித்தியாசம் அற்பமானதன்று.

இதைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் ஒரு மாணவன் எழுந்து, "சார், சீரியல் பல்பு ஆறு வோல்ட்தானே, அது என்ன செய்துவிடும்?" என்று கேட்பது வழக்கம். நல்ல கேள்விதான். பழைய மாதிரிச் சரத்தில் ஏறக்குறைய நாற்பது பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன; ஒவ்வொன்றின் பங்கும் ஆறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு பல்பைக் கழற்றிவிட்டால் பங்கீடு நின்று, அந்தக் காலி இடத்தின் இரு முனைகளுக்கும் இடையே 230 வோல்ட்டும் வந்து நிற்கும். அங்கே விரல் வைப்பவர் ஆறு வோல்ட்டைத் தொடவில்லை. மேலும், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கம்பியின் தோல் உரிந்த ஓரிடத்தை ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டாலும் அதிர்ச்சி நிச்சயம். ஆகையால் பல்பு மாற்றுவதாயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டே மாற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பதும் சரியன்று. சில வீடுகளில் சுவிட்சு தவறான கம்பியில் பொருத்தப்பட்டிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டார் சரத்தை இரும்புக் கேட்டின் இடுக்கு வழியாக வெளியே கொண்டுசென்றிருந்தனர். கேட் திறந்து மூடத் திறந்து மூடக் கம்பியின் தோல் நசுங்கிவிட்டது. மறுநாள் காலை கோலமிட வந்த பாட்டியம்மாள் கேட்டைத் தொட்டதும் தூக்கியெறியப்பட்டார். அன்று தரை காய்ந்திருந்ததனால் கைமூட்டுச் சிராய்ப்போடு போயிற்று.

கேட், கிரில், துணி காயப்போடும் கம்பி, தகரக் கூரை ஆகியவற்றில் சரத்தைச் சுற்றலாகாது. ஆணியடித்துக் கம்பியை இறுக்குவதும் கூடாது. பிளாஸ்டிக் கொக்கியோ கயிறோ போதும். பிளக் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியில் இருந்தே தீர வேண்டுமாயின், கம்பி பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவாகத் தொங்கும்படி விட்டால், அதன் வழியே ஓடிவரும் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிப்போகும். வாங்கும்போது, சிறு மாற்றுப் பெட்டியினால் மின்னழுத்தத்தைக் குறைத்து எரியும் எல்.இ.டி. சரமாகவும், வெளியிடத்திற்கு உகந்ததென்று பெட்டியில் குறித்ததாகவும் பார்த்து வாங்குவது உத்தமம். காகித நட்சத்திரத்தினுள் சூடேறும் பழைய குண்டு பல்பைப் போடுவோரைப் பார்த்தால் நமக்குத் திகைப்பாகவே இருக்கிறது, எல்.இ.டி. பல்பு அவ்வளவு கொதிப்பதில்லை.

ஃப்யூஸ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோரும் உளர். ஃப்யூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் வழிதவறிக் கசிந்தாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானைப் பண்டிகைக்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இதை வைக்க ஆகும் செலவு பட்டுப்புடவை ஒன்றின் விலைக்கு எவ்வளவோ கீழே.

அகல் விளக்குக்கு வருவோம். குயவர் வனைந்த மண் அகலுக்கு ஈடானது வேறில்லை என்பது நம் கட்சி. நல்லெண்ணெயும் எளிதில் தானே பற்றிக்கொள்வதன்று. ஆனால் இக்காலத்து வாசல்களில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து வரும். வண்டிகளை அப்பால் நிறுத்திய பிறகே விளக்கை வரிசையிட வேண்டும். குப்பைக் கார்த்திகையன்று குப்பைமேட்டில் விளக்கு வைப்பதும் சாணமும் சாம்பலும் கிடந்த காலத்துக்குப் பொருந்தியது. இன்று அங்கே கிடப்பதெல்லாம் பிளாஸ்டிக்.

குழந்தைகளுக்குப் பருத்தி ஆடையே உடுத்துங்கள். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தாவணியையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் விளக்கேற்ற வேண்டும். தீப்புண் பட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட்டுக் காட்டுவதே முதல் சிகிச்சை. மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். மின் அதிர்ச்சியில் சிக்கியவரை ஓடிப்போய்ப் பிடித்திழுத்தால் இருவராகச் சிக்குவீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

படுக்கப் போகுமுன் சரத்தின் பிளக்கைப் பிடுங்கி, வைத்த அகல்களை எண்ணி அணைத்து உள்ளே எடுத்துவிட வேண்டும். சிந்திய எண்ணெயைப் படியிலிருந்து அன்றிரவே சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டால், விடியற்காலை பால் வாங்க வருகிறவர் வழுக்கி விழமாட்டார். அகல்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவையுங்கள். மார்கழிக் கோலத்தின் நடுவே வைக்க இரண்டு வேண்டியிருக்கும்.