தனிமை தேடி எங்கே போவது?

'கொஞ்ச நாள் யாரும் இல்லாத இடத்துல போய் இருந்துட்டு வரணும்!' வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக் களைத்தவர்கள் அடிக்கடி சொல்வது இது.

ராஜபாளையம் அருகே சோழபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு, இந்த எண்ணம் வந்ததும் கண் போவது மேற்குத் தொடர்ச்சி மலை மீதுதான். ஆனால், அந்த வனப்பகுதி 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. நினைத்தபடி உள்ளே போக முடியாது. சதுரகிரி ஏறலாம் என்றால், அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்தர்கள் கூட்டம் அலைமோதும்.

அப்படியானால் தனிமைக்கு எங்கே போவது? இதே விருதுநகர் மாவட்டத்துக்காரர் ஒருவரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

அருப்புக்கோட்டை அருகே திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. குகையில் தவம் இருந்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால், அவர் வாழ்க்கை திசை திரும்பியது குகையில் அல்ல. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடி அறையில்!

1896-ல், 16 வயதில், திடீரென மரண பயம் அவரைப் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே படுத்து, 'சாவது இந்த உடல்தானே, நான் யார்?' என்று தனக்குள் பார்த்தார். திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு, செப்டம்பர் 1-ல்தான்.

அங்கே விருபாட்ச குகையில் 1916 வரை இருந்தார். பிறகு கந்தாசிரமம். மகனைத் தேடி வந்த தாய் அழகம்மாள் உடன் தங்கி, சமைக்கவும் ஆரம்பித்தார். பிற்காலத்தில் ஆசிரமச் சமையற்கட்டில் விடியும் முன்பே காய்கறி நறுக்க உட்கார்ந்துவிடுவாராம் மகரிஷி! குடும்பத்தை விட்டுவிட்டு வரவா என்று கேட்டவர்களை அவர் ஊக்குவிக்கவில்லை. தனிமை மனதில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து.

நாமும் வீட்டிலேயே தொடங்கலாம்:

* மொட்டை மாடியோ, திண்ணையோ, ஓர் இடம். தினமும் அதே நேரம், 20 நிமிடம்.

* போன் வேறு அறையில் இருக்கட்டும்.

* 'அந்த நேரம் கூப்பிடாதீங்க' என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மாக்களுக்கு இது மிக அவசியம்.

* மனதில் வருவதைத் துரத்த வேண்டாம். 'எனக்கு எதனால் இவ்வளவு கோபம்?' என்று நிதானமாகப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால், தனியாக உட்காருவது மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் கட்டணமின்றிப் பேசலாம்.