சைட் போட்ட காட்டில் பெய்யும் மழை எங்கே போகிறது?

குச்சிக்கிழங்குக் காட்டில் மழை பெய்தால் முதலில் மண் குடிக்கும். மிச்சம் வரப்போரம் தேங்கி, இரவெல்லாம் மெல்ல வடிந்து ஓடைக்குப் போகும். அதே காட்டை மட்டம் செய்து, சைட் பிரித்து, தார் ரோடு போட்டு வீடுகள் எழும்பிவிட்டால் குடிக்க மண் இல்லை. கூரையில் விழுந்தது ரோட்டுக்கு, ரோட்டில் விழுந்தது சாக்கடைக்கு என்று மழை விட்ட சூட்டோடு மொத்தமும் ஓடிவிடும்.

எவ்வளவு ஓடும் என்று கணக்குப் போடுவது கடினமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சேலத்தில் ஒரு மாலை 50 மி.மீ. கொட்டுகிறது என்றால் பத்து ஏக்கரில் விழுவது 20 லட்சம் லிட்டர். காடாக இருந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்கு, 4 லட்சம் லிட்டர், வெளியே போனதாக வைத்துக்கொள்வோம். வீடுகள் நெருங்கியபின் 13 லட்சம் போகும். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் சொன்னால், முன்பு 33 லோடு, இப்போது 108 லோடு. அந்த 33 லோடு விடிய விடிய வடிந்தது. இந்த 108 லோடு ஓரிரு மணி நேரத்தில் வந்து நிற்கிறது.

சேலத்தில் இப்படி ஓடும் தண்ணீரில் பெரும்பகுதிக்குப் போக்கிடம் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலைச்சரிவில் பிறந்து, ஊருக்குள் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி, உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, பரமத்தி வழியே போய் நன்செய் இடையாற்றில் காவிரியைச் சேர்கிறது. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று சேலத்தைச் சுற்றிலும் மலைதான். அதனால் மழை நகரத்தில் பெய்யாவிட்டாலும் தண்ணீர் நகரத்துக்கு வரும். கிச்சிப்பாளையம், நாராயண நகர், பச்சப்பட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முன்பு இந்தத் தண்ணீரைத் தாங்கியவை ஏரிகள். ஏற்காட்டு அடிவாரத்தில் இறங்கும் நீர் கன்னங்குறிச்சிப் பக்கம் புது ஏரிக்கு வரும், அது நிரம்பினால் மூக்கனேரிக்கு. 58 ஏக்கர் மூக்கனேரி 2010இல் சேலம் மக்கள் குழுவினர் தூர்வாரி, அந்த மண்ணைத் திட்டுத் திட்டாக்கி மரம் வைத்த ஏரி. பறவைகளுக்காகத்தான் இன்று அதைப் பலர் பார்க்கப் போகிறார்கள். நான் பார்ப்பது வேறு: அதில் ஓரடி இடம் காலியாக இருந்தால் ஏறத்தாழ 7 கோடி லிட்டர் பிடிக்கும். மேலே சொன்ன பத்து ஏக்கர் மனைப்பிரிவு ஒவ்வொன்றும் கூடுதலாகத் தள்ளும் தண்ணீர் 9 லட்சம் லிட்டர். அப்படி எழுபதுக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளின் சுமையை ஓர் ஏரியின் ஓரடி தாங்கிவிடும்.

காலியாக இருந்தால்தான். ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால் நாம் கிடா வெட்டிக் கொண்டாடுகிறோம். விவசாயத்துக்கும் கிணற்றுக்கும் அது நல்ல சேதி, சந்தேகமில்லை. ஆனால் நிரம்பிய ஏரியால் அடுத்த மழையின் வேகத்தை ஓரளவுதான் தணிக்க முடியும். பிடித்து வைக்க முடியாது. அதனால் ஏரியை மட்டும் நம்பி மேலே இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு போக வழியில்லை.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து கட்டாயம்தான். 1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை என்றால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால், இடுக்குகளில் தங்குவது 600 லிட்டர் சொச்சம். நம் பக்கத்து நிலத்தடி கடும்பாறை. மேல்மண் பல இடங்களில் சில அடிதான். குழித் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. ஆழ்துளைக் கிணறு வறளாமலிருக்கக் குழி உதவும், அதை விடக்கூடாது. வெள்ளத்தைத் தடுக்க அது போதாது.

போதுமான இடம் மனைப்பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும். பத்து ஏக்கரில் ரோட்டுக்கு மூன்று ஏக்கர் போனால், பூங்காவுக்கு 70 சென்ட். அந்த 70 சென்டையும் ஓரடி தாழ்த்தினால் எட்டரை லட்சம் லிட்டர் பிடிக்கும், ஏறக்குறைய கூடுதல் தண்ணீர் முழுவதும். மறுநாள் சிறு குழாய் வழியே வடிந்துவிட்டால் பிள்ளைகள் பந்து விளையாடலாம். நடப்பதோ நேர்மாறு: கிராவல் கொட்டி, பூங்காவை ரோட்டைவிட உயர்த்தி, சுற்றிலும் சுவர் வைத்துவிடுகிறார்கள்.

சரி, எல்லா மனைப்பிரிவிலும் பூங்காவைத் தாழ்த்திவிட்டால் பிரச்சினை தீருமா? இங்கேதான் ஒரு சிக்கல். மலையில் பெய்த தண்ணீர் ஊருக்குள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே ஆற்றோர மனைப்பிரிவின் தண்ணீர் தடையில்லாமல் ஓடினால், மலைவெள்ளம் வருமுன் கடந்துபோய்விடும். அதைப் பிடித்துவைத்து மூன்று மணி நேரம் கழித்து விட்டால் சரியாக மலைவெள்ளத்தின் உச்சியில் போய்ச் சேரும். தனித்தனியே பார்த்தால் எல்லோரும் நல்லதுதான் செய்திருப்பார்கள், ஆற்று மட்டம் மட்டும் உயர்ந்திருக்கும். அதனால் எங்கே பிடிப்பது, எங்கே சீக்கிரம் விடுவது என்பதை மலையடிவாரம் முதல் ஆறு காவிரியைச் சேரும் இடம் வரை மொத்த நீர்ப்பிடிப்பையும் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1978இலேயே இதற்காக ஒரு சட்டம் போட்டது. அங்கே மழைநீர்த் திட்டம் தீட்டப்படுவது ஊர்வாரியாக அல்ல, நீர்ப்பிடிப்புவாரியாக. நம்மிடம் மனைக்கு ஒப்புதல் தரும் அலுவலகத்தின் எல்லை ஒன்று, ஆற்றின் எல்லை வேறு. சேலத்தில் தந்த ஒப்புதலின் தண்ணீர் பரமத்தியில் கரையைத் தொடும்போது, அங்கிருப்பவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சைட் வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தோடு புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நிலத்துக்குள்ளோ ஓரத்திலோ ஓடை காட்டியிருந்தால், நேரில் போய் அது இப்போது எதுவாக இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நுழைவு ரோட்டுக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாயாக இருக்கும். 12 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள ஓடையின் வாய் 36 சதுர அடி. 2 அடிக் குழாயின் வாய் 3 சதுர அடியைக் கொஞ்சம் தாண்டும். அந்த ஓடைக்கு ஈடாகப் பதினொரு குழாய்களுக்கு மேல் பதிக்கவேண்டும். எத்தனை பதித்திருக்கிறார்கள் என்று குனிந்து எண்ணிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.