வண்டி மெதுவாகக் கிளம்புகிறதா? பேட்டரி வாங்குமுன் இதைப் பாருங்கள்



2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் என்ற 'குட்டி யானை' வந்த பிறகு, நம்மில் பலர் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்துக்கொண்டோம். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் புறப்படும் நேரத்தில் அது கிளம்பாவிட்டால், வாடகை வண்டிக்கும் கூலிக்கும் பணம் போகிறது, காய்கறியும் வாடுகிறது. வண்டி திடீரென்று படுப்பதில்லை. பெரும்பாலும் சில நாட்கள் முன்பே மெதுவாகக் கிளம்பி நமக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுகிறது. அப்போதே கவனித்தால் செலவு குறைவு.

முதலில் காதால் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் 'ர்ர்ர்... ர்ர்ர்' என்று இழுத்து இழுத்துச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். இன்ஜின் வேகமாகச் சுற்றியும் தீப்பிடிக்கத் தாமதமானால் கோளாறு பெரும்பாலும் எரிபொருள் பக்கம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பேட்டரியின் வரவு செலவு

பேட்டரி நம் கல்லாப்பெட்டி போன்றது. கிளப்பும்போது செல்ஃப் மோட்டார் பெரிய செலவு செய்கிறது. ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை வரவு வைக்கிறது. கடை கடையாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்திக் கிளப்பினால் செலவு அதிகம், வரவு குறைவு. நல்ல பேட்டரியும் இதனால் இளைத்துவிடும். அதைச் சார்ஜ் ஏற்றினால் போதும், மாற்ற வேண்டியதில்லை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நலம். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் கிளப்புமுன் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட்டில் குறை. அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். வோல்ட் விழாமல் நின்றும் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால், குற்றம் பேட்டரியில் இல்லை; கேபிளிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது.

செலவில்லாத வைத்தியம்

டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியும் தளர்ந்த நட்டும் மின்சாரத்தைத் தடுக்கும். இன்ஜினை நிறுத்தி, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். நம் கடையிலேயே இருக்கும் ஆப்ப சோடாவை நீரில் கரைத்து, பேட்டரிக்குள் இறங்காதபடி கழுவித் துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். நெகட்டிவைக் கடைசியாக மாட்ட வேண்டும். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கேபிளையும் மறக்காமல் இறுக்குங்கள். பலரும் பார்க்காமல் விடும் இடம் அதுதான்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட்டோ குழாய் நீரோ கூடாது. அருகில் பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

டீசல் பக்கம்

ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில், சாவி போட்டதும் எரியும் சுருள் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். பொறுத்து அடித்தும் குளிர் காலையில் மட்டும் திணறி வெள்ளைப் புகை விட்டால் பிளக்குகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரவு நின்றால் மட்டும் நெடுநேரம் சுற்றிக் கிளம்புகிறது என்றால், டீசல் லைனில் எங்கோ காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைப்பு, அதில் தேங்கிய தண்ணீர் ஆகியவையும் காரணமாகலாம்.

ஓட்டுநருக்குச் சொல்லி வையுங்கள்

செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் வண்டியில் பேட்டரி முனையைக் கழற்றும் பழைய பழக்கம் இன்றைய வண்டிகளின் எலக்ட்ரானிக் பாகங்களைக் கெடுத்துவிடும். மூடிய குடோனுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகையில் உள்ள விஷவாயு மணமில்லாதது.

பேட்டரி வாங்கிய தேதி, பில், வாரண்டி அட்டை மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். 'பேட்டரி போச்சு' என்று யார் சொன்னாலும், எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். எடை போடாமல் நாம் சரக்கு வாங்குவதில்லை. அளந்து பார்க்காமல் பேட்டரியும் வாங்க வேண்டாம்.